வீடு விற்கப் போகிறீர்களா?

சென்ற வருடம் கோடையில், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என்னைத் தேடி வந்தார். அவருடைய வாப்பா மவுத்தாகி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. வாப்பா விட்டுச் சென்ற வீட்டை விற்றுவிடுவதென்று குடும்பத்தில் முடிவாகியிருந்தது. உம்மா, இவர், ஒரு ராத்தா, ஒரு தங்கை ஆகிய நால்வருமே வாரிசுகள்.

"ஹஜ்ரத், வீடு நல்ல விலைக்குப் போகவேண்டும். ஏதாவது ஓதச் சொல்லிக் கொடுங்கள்" என்றார்.

"ஓதுவது இருக்கட்டும் தம்பி. வீடு எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

விஷயம் மெல்ல வெளிவந்தது. மேற்குச் சுவரில் மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிறது. கிணறு சித்திரை, வைகாசியில் அடிதட்டிப் போகிறது. தரகர் இரண்டுக்கும் வழி சொல்லியிருக்கிறார். இப்போது கோடை, சுவர் காய்ந்து கிடக்கிறது. மேலே பூசி வண்ணம் அடித்துவிட்டால் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஆள் வரும் நாளன்று காலையில் லாரித் தண்ணீரைக் கிணற்றில் விட்டுவிட்டால் அதுவும் தெரியாது.

"ராத்தாவும் தங்கையும் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"அவர்களுக்கு என்ன ஹஜ்ரத்? வாப்பா இருக்கும்போதே நகை போட்டுக் கல்யாணம் செய்து வைத்தாயிற்று. கூப்பிட்டால் வந்து கையெழுத்துப் போடுவார்கள்" என்றார்.

அவர் தொழுகையாளி. பிறர் காசுக்கு ஆசைப்படாதவர். ஆனாலும் மூன்று தவறுகளின் வாசலில் நின்றுகொண்டு, அது தவறென்று தெரியாமலே பரக்கத்துக்கு துஆ கேட்டு வந்திருந்தார். நம்மில் பலருடைய நிலையும் இதுதான். தொழுகை, நோன்பு பற்றிய மஸ்அலாக்களைக் கேட்டறிகிற நாம், கொடுக்கல் வாங்கலின் மஸ்அலாக்களைத் தரகரிடமும் பத்திரம் எழுதுபவரிடமும் விட்டுவிடுகிறோம். வீடு விற்பது ஆயுளில் ஒருமுறையோ இருமுறையோ வருகிற காரியம். அதில் ஒரு பிழை நேர்ந்தால் பெருந்தொகையே பழுதாகிவிடும். ஆகவே அன்று அந்தச் சகோதரருக்குச் சொன்னவற்றைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

அலங்காரம் வேறு, மறைப்பு வேறு

விற்கும் வீட்டைச் சுத்தம் செய்வது கூடுமா? தாராளமாகக் கூடும். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்ற கருத்து முஸ்லிம் ஷரீஃபில் வந்துள்ளது. ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, உடைந்த ஓட்டை மாற்றி, கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டு, முற்றத்தில் கிடக்கும் பழைய தட்டுமுட்டுச் சாமான்களை அகற்றி, சன்னல்களைத் திறந்து காற்றும் வெளிச்சமும் வரச் செய்து வீட்டைக் காட்டுவதில் எந்தக் குற்றமும் இல்லை. அதனால் விலை கூடுமானால் அது ஹலாலான கூடுதல்தான். இருக்கிற நன்மை கண்ணுக்குத் தெரியும்படி வைத்தீர்கள், அவ்வளவே.

இருக்கிற குறையைக் கண்ணுக்குத் தெரியாதபடி வைப்பது அப்படியல்ல. ஒழுகும் குழாயை மாற்றுவது சீர்படுத்தல்; ஒழுகிய கறையின்மேல் வண்ணம் பூசுவது மறைத்தல். கறையான் அரித்த நிலையை எடுத்துவிட்டுப் புதுநிலை வைப்பது சீர்படுத்தல்; அரித்த பொந்தில் மெழுகு அடைத்து வார்னிஷ் பூசுவது மறைத்தல். இரண்டுக்கும் செலவு உண்டு, உழைப்பும் உண்டு. ஆனால் மறுமையில் இரண்டும் ஒரே தட்டில் நிற்கா.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்லும்போது அதற்குள் தங்கள் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் தட்டியது. இது என்னவென்று வியாபாரியை விசாரித்தார்கள். மழை பட்டுவிட்டது என்று அவர் பதில் சொன்னார். மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்சம்பவம் முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது.

இதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை. சத்தியம் செய்து ஏமாற்றவுமில்லை. மழை பெய்தது அவர் குற்றமும் அன்று. உலர்ந்ததை மேலே, ஈரமானதை அடியில் வைத்திருந்தார், செய்தது அவ்வளவுதான். அதற்கே இத்தனை கடுமையான எச்சரிக்கை!

நம் சகோதரரின் மேற்குச் சுவரும் இதே கதைதான். ஈரம் உள்ளே இருக்கிறது. அதன்மேல் உலர்ந்த பூச்சு! தானியத்துக்குப் பதில் சுவர். வேறு வித்தியாசம் ஏது?

கிணற்றில் ஊற்றிய தண்ணீர்

கிணற்று விஷயத்துக்கும் நபிமொழியில் நேரான உதாரணம் உண்டு. அறபு நாட்டில் ஒட்டகத்தையும் ஆட்டையும் விற்கப் போகிறவர்கள் சில நாட்கள் பால் கறக்காமல் விட்டுவிடுவார்கள். மடி பெருத்துத் தெரியும். அதிகம் கறக்கும் பிராணி என்று நம்பி ஒருவர் கூடுதல் விலைக்கு வாங்கிச் செல்வார். இவ்வாறு மடி கட்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் பிராணியைத் திருப்பிவிடலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது.

இந்த நபிமொழியை அடிப்படையாக வைத்து இமாம்கள் மேலும் பல மஸ்அலாக்களை எடுத்துரைத்தார்கள். ஹிஜ்ரி 676-இல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' என்னும் ஷாஃபியீ சட்டநூலில் ஓர் உதாரணம் வருகிறது. வாய்க்கால் தண்ணீரையும் தண்ணீரால் சுற்றும் திரிகையின் நீரையும் அடைத்து வைத்திருந்து, விற்கும் நேரத்தில் திறந்துவிட்டு, எப்போதும் இப்படிப் பெருக்காக ஓடும் என்று தோற்றம் காட்டினால், வாங்கியவருக்கு அந்த வியாபாரத்தை முறிக்கும் உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறார்கள்.

எழுநூறு வருடங்களுக்கு முன் திமிஷ்கில் எழுதப்பட்ட இந்த வரியை, நம் ஊர்க் கிணற்றில் லாரித் தண்ணீர் விடச் சொன்ன தரகரின் யோசனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏமாற்றும் வழிகள் புதியனவல்ல. ஆகவே ஷரீஅத்தின் விடையும் பழையதாகவே இருக்கிறது.

எதையெல்லாம் சொல்லவேண்டும்?

குறையுள்ள பொருளை, அந்தக் குறையைத் தெளிவாக்காமல் தன் சகோதரனுக்கு விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்ற கருத்தை உக்பத் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது இப்னுமாஜாவில் இடம்பெற்றுள்ளது. வாங்குபவர் முஸ்லிமாக இல்லாவிட்டால் மறைக்கலாமோ என்று யாரும் எண்ண வேண்டாம். மோசடி யாரிடம் செய்தாலும் மோசடியே. உங்கள் வீட்டை வாங்க வரும் மாற்று மதத்து அண்டை வீட்டார் உங்களை மட்டுமா எடைபோடுகிறார்? உங்கள் மார்க்கத்தையும் சேர்த்தே எடைபோடுகிறார்.

வீட்டின் குறை என்றால் சுவரும் கூரையும் மட்டுமல்ல. பக்கத்தில் துணியை அடித்து வெளுப்போர் இருந்து, அவர்களின் சத்தம் குடியிருப்போரைத் துன்புறுத்தினாலும், அந்த அதிர்ச்சி கட்டடத்தை அசைத்தாலும் அதுவும் வீட்டின் குறையே என்று ஷாஃபியீ பிக்ஹு நூல்கள் சொல்கின்றன. இன்று அந்த இடத்தில் அரைவை இயந்திரத்தையும் மரம் அறுக்கும் பட்டறையையும் வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் தெருச்சாக்கடை வீட்டுக்குள் ஏறுமா? பக்கத்து வீட்டாருடன் எல்லைத் தகராறு உண்டா? முடுக்கு வழியில் அவருக்கும் பாத்தியதை உண்டா? வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறதா? வீடு அடமானத்தில் இருக்கிறதா? இவை அனைத்தும் வாங்குபவர் அறியவேண்டியவை. அடமானம் வைத்த வீட்டை, அடமானம் பிடித்தவரின் அனுமதியின்றி விற்பது மார்க்கப்படி செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

"உள்ளது உள்ளபடி விற்கிறேன், பிறகு என்னைக் கேட்கக் கூடாது" என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். நீங்களே அறியாத குறைக்கும், அறிந்தே மறைத்த குறைக்கும் பெரும் வித்தியாசம் உண்டு. தெரிந்ததை மறைத்துக்கொண்டு சொல்லும் அந்த வாக்கியம் பாவத்திலிருந்து காப்பாற்றாது.

நாட்டுச் சட்டமும் இதில் ஷரீஅத்துக்கு வெகு அருகில் வந்து நிற்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியே ஆகவேண்டும் என்கிறது. சொத்தின் குறையும் பாத்தியதையின் குறையும் இரண்டுமே அதில் அடங்கும்.

வீடு யாருடையது?

சுவரைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது பத்திரத்தில் ஒளிந்திருக்கும். பிறர் பங்கை நம் பங்கோடு சேர்த்து விற்பதே அது.

வாரிசுப் பங்குகளை அல்லாஹ் திருமறையின் நான்காம் அத்தியாயத்தில் தானே வகுத்துத் தந்துவிட்டான். கொஞ்சமாயினும் அதிகமாயினும் ஆணுக்கும் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு என்பது அங்கே தெளிவு. நம் சகோதரரின் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். வாப்பாவின் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின், உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. வீடு 32 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொண்டால் உம்மாவுக்கு 4 லட்சம், மகனுக்கு 14 லட்சம், ராத்தாவுக்கு 7 லட்சம், தங்கைக்கு 7 லட்சம். கணக்கு இவ்வளவு சுலபம்! கொடுக்கும் மனம்தான் கஷ்டம்.

"நகை போட்டாயிற்று" என்கிறார்கள். வாப்பா தம் ஆயுளில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கின் முன்பணமன்று. உங்களைப் படிக்க வைத்த செலவையும், கடை வைத்துக் கொடுத்த முதலையும் உங்கள் பங்கில் கழித்தீர்களா?

"அவர்களே வேண்டாமென்று விடுதலை எழுதிக் கொடுக்கிறார்கள்" என்றும் சொல்வார்கள். உண்மையான மனத்திருப்தியோடு, தன் பங்கு இவ்வளவு என்று அறிந்து, ஒரு சகோதரி விட்டுக்கொடுத்தால் அது கூடும். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? பதிவு அலுவலகத்து வாசலில் வைத்துக் காகிதத்தை நீட்டுகிறோம். கேட்டால் பிறந்த வீட்டின் உறவு அறுந்துபோகுமே என்று அஞ்சி அவள் கையெழுத்துப் போடுகிறாள். ஒருவரை வெட்கத்துக்கு ஆளாக்கிப் பெற்றது, பலவந்தமாகப் பறித்ததைப் போன்றதே என்று மார்க்க அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே முதலில் பங்குத் தொகையை அவள் கையில் கொடுங்கள். கொடுத்த பின்னும் அவளாக மனமுவந்து திருப்பித் தந்தால் அப்போது வாங்கிக்கொள்ளுங்கள். அநியாயமாக ஒரு சாண் நிலம் எடுத்தவருக்கு ஏழு பூமிகளும் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரீயிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. உடன்பிறந்தாளின் பங்கு ஒரு சாணைவிடப் பெரிதல்லவா!

வாரிசுகளில் பருவமடையாத பிள்ளைகள் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. எதீம்களின் சொத்தை நெருங்குவதற்குத் திருக்குர்ஆன் விதித்திருக்கும் கட்டுப்பாடு நாம் அறிந்ததே. சட்டப்படியும், மைனர் பிள்ளைகளின் சொத்தை விற்கத் தாய்க்குத் தானாக அதிகாரம் இல்லை என்று 1918-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் அனுமதி பெற்றே விற்கவேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே வீட்டின் சொந்தக்காரி மனைவியே. கணவன் எத்தனை வருடம் அதில் குடியிருந்தாலும், தன் கைக்காசில் மாடி கட்டியிருந்தாலும், அவளுடைய சம்மதமின்றி விலை பேசவும் அச்சாரம் வாங்கவும் அவனுக்கு உரிமையில்லை. அவள் சொன்னால் அவன் அவளுடைய வகீல். விற்ற பணமும் அவளுடையதே.

விலை பேசும்போது

போட்டி காட்டி விலை ஏற்றுவதற்காக, வாங்கும் எண்ணமில்லாத ஒருவரை அனுப்பிக் கூடுதலாகக் கேட்கச் செய்வது 'நஜ்ஷ்' எனப்படும். இதை நாயகம் (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். "நேற்றே ஒருவர் இதற்கு மேல் கேட்டுவிட்டுப் போனார்" என்று இல்லாத ஆளை உண்டாக்கிச் சொல்வதும் இதன் உடன்பிறப்பே. சத்தியம் செய்வதோ இன்னும் மோசம். பொய்ச் சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பரக்கத்தை அழித்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து. உங்களுக்காகத் தரகர் சொல்லும் பொய்யும் உங்கள் கணக்கில் சேரும். ஆகவே இன்னதைச் சொல், இன்னதைச் சொல்லாதே என்று அவருக்கு முன்கூட்டியே தெளிவாக்கிவிடுங்கள்.

ஒருவருடன் விலை முடிந்து இருவரும் பொருந்திக்கொண்ட பின், இன்னொருவர் கூடுதலாகத் தருகிறார் என்று அவரிடம் ஓடக்கூடாது. வாங்குபவருக்குக் கஷ்டம் வந்து பின்வாங்கினால் அச்சாரத்தைப் பறித்துக்கொள்ளலாமா? பறித்துக்கொள்வதாக நிபந்தனையிட்டு விற்பது கூடாது என்பதே ஹனஃபீ, ஷாஃபியீ, மாலிகீ மத்ஹபுகளின் தீர்ப்பு. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். கருத்து வேற்றுமை உள்ள இடத்தில் பேணுதலானது எதுவோ அதைச் செய்யலாமே. வருந்தி நிற்பவரின் வியாபாரத்தை முறித்துக் கொடுப்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மறுமையில் மன்னிப்பான் என்ற நற்செய்தி அபூதாவூதில் உள்ளது.

வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. கஷ்டத்துக்கு விற்கிறார் என்று அறிந்து, நல்ல வீட்டையும் நொள்ளை சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பது முஸ்லிமின் குணமல்ல. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்கு விலை முடிந்தது. குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது அதற்கு மேல் பெறும் என்று சொல்லிச் சொல்லித் தாமே விலையை ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் பைஅத் செய்திருப்பதே அதற்குக் காரணம் என்றார்கள்.

பத்திரத்தில் எழுதும் தொகை

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நீதமாக எழுதவும், விற்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளவும் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. திருமறையின் மிக நீண்ட வசனம் இதுவே. தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கணக்கெழுதுவதைப் பற்றி மிக நீண்ட வசனம் இறங்கியிருக்கிறது என்பதை நாம் சிந்திக்கவேண்டும்.

அப்படியிருக்க, கொடுத்தது ஒரு தொகை, பத்திரத்தில் எழுதுவது வேறொரு தொகை என்ற வழக்கம் எப்படிச் சரியாகும்? எழுதுவது பொய், கையெழுத்திடுவது பொய், சாட்சி சொல்வதும் பொய். முத்திரைக் கட்டணத்துக்குரிய விவரங்களை உண்மையாக எழுதவேண்டும் என்பது 1899-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2015 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. வங்கி வழியாக முழுத்தொகையும் வந்தால் சகோதரிகளின் பங்குக் கணக்கும் சந்தேகமின்றி நிற்கும்.

அபூராஃபிஉ (ரலி) விற்ற வீடு

"இப்படியெல்லாம் பார்த்தால் நல்ல விலை எங்கே கிடைக்கும் ஹஜ்ரத்?" என்று அந்தச் சகோதரர் கேட்டார். அவருக்கு ஸஹாபாக்கள் காலத்தில் நடந்த ஒரு வீட்டு விற்பனையைச் சொன்னேன். அது புகாரீ ஷரீஃபில் உள்ளது.

நாயகம் (ஸல்) அவர்கள் விடுதலை செய்த அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் மனையில் இரண்டு வீடுகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஃது (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். ஸஃது (ரலி) முதலில் மறுத்தார்கள். உடனிருந்த மிஸ்வர் (ரலி) வற்புறுத்தவே, நாலாயிரத்துக்கு மேல் தரமுடியாது, அதையும் தவணையாகத்தான் தருவேன் என்றார்கள். அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கோ வேறிடத்தில் 500 தீனார் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு தீனாருக்குப் பத்துத் திர்ஹம் என்று கணக்கிட்டாலும் 5,000 திர்ஹம் ஆகிறது. எனினும் அருகிலிருப்பவருக்கே முதல் உரிமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், இல்லையேல் இந்த விலைக்குத் தந்திருக்கமாட்டேன் என்று கூறி, ஸஃது (ரலி) அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

இந்த உரிமைக்கு 'ஷுஃப்ஆ' என்று பெயர். பிரிக்கப்படாத சொத்தில் ஒருவர் தன் பங்கை மட்டும் வெளியாருக்கு விற்றால் மற்றப் பங்காளிக்கு இவ்வுரிமை உண்டு என்பதில் ஷாஃபியீ, ஹனஃபீ இரு மத்ஹபும் ஒன்றுபடுகின்றன. அண்டை வீட்டாருக்கும் உண்டு என்பது ஹனஃபீ மத்ஹப். சென்னை உயர்நீதிமன்றம் 1870-இலேயே இதைச் சட்ட உரிமையாக ஏற்க மறுத்துவிட்டது. ஆனால் நீதிமன்றம் கட்டாயப்படுத்தாதது மார்க்கத்தில் இல்லாமல் போய்விடாது. விற்குமுன் உடன்பிறந்தோரிடமும் அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

அபூராஃபிஉ (ரலி) ஆயிரம் திர்ஹத்தை இழந்தார்கள் என்று நாம் சொல்வோம். அவர்கள் அப்படி எண்ணவில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி உள்ளதைத் தெளிவாக்கினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் பேசினால் அந்த பரக்கத் துடைக்கப்பட்டுவிடும் என்ற நபிமொழியை அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். நாம் அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறோம். நல்ல விலை என்பது அதிகமான விலையன்று. கைக்கு வந்தபின் நிலைக்கிற விலை.

விற்குமுன் செய்யவேண்டியவை

1. பாத்தியதை உள்ளவர்கள் அனைவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பங்குகளை எழுதிக்கொள்ளுங்கள். வக்ஃபு செய்யப்பட்ட பகுதி ஏதும் வீட்டில் இருந்தால் அதை விற்கவே முடியாது.

2. தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, மின்கட்டண ரசீது, வாரிசுச் சான்று ஆகியவற்றை எடுத்து ஒழுங்கு செய்யுங்கள். வில்லங்கச் சான்றை இன்று பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வரி பாக்கியைக் கட்டிவிடுங்கள். பத்திரம் சுத்தமாக உள்ள வீட்டுக்குத்தான் ஆள் துணிந்து விலை சொல்வார்.

3. சிறிய பழுதுகளைச் சீர்செய்யுங்கள். பெரிய பழுதுக்குக் கொத்தனாரிடம் செலவு கேட்டு எழுதி வையுங்கள். குறையைச் சொல்லும்போதே செலவையும் சொன்னால், வாங்குபவர் பயத்தில் பத்து மடங்கு குறைத்துக் கேட்கமாட்டார்.

4. வீட்டோடு எது சேரும், எது சேராது என்று முன்பே பேசிவிடுங்கள். பொருத்திய கதவும் ஆணியடித்த அலமாரியும் கிணறும் வீட்டைச் சேர்ந்தவை. வாளியும் கட்டிலும் விற்பவருடையவை என்று பிக்ஹு நூல்கள் வகுத்துள்ளன. மின்விசிறி, மோட்டார் போன்றவற்றில் மனக்கசப்பு வராமல் எழுதிக்கொள்வது நல்லது.

5. விற்ற பணத்தை வீணாக்காதீர்கள். வீட்டை விற்றவர் அதன் தொகையை அதுபோன்ற ஒன்றிலேயே போடாவிட்டால் அதில் பரக்கத் செய்யப்படாது என்ற கருத்து இப்னுமாஜாவில் வருகிறது. வீடு விற்ற காசு கல்யாணப் பந்தலிலும் விருந்திலும் கரைந்துபோன குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

6. ஓதுவதற்குக் கேட்டாரல்லவா? இரண்டு ரக்அத் இஸ்திகாராத் தொழுகை இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுக்கொடுப்பதுபோல் அதைத் தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன்பே அதைத் தொழவேண்டும்.

இரண்டு நேர்மையாளர்கள்

முன்சென்ற சமுதாயத்தவர் இருவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் நிலம் வாங்கினார். அதில் ஒரு ஜாடி தங்கம் கிடைத்தது. நான் நிலத்தைத்தான் வாங்கினேன், தங்கத்தை வாங்கவில்லை என்று விற்றவரிடம் கொண்டுபோனார். விற்றவரோ, நிலத்தை அதிலுள்ளதோடு விற்றுவிட்டேன் என்று வாங்க மறுத்தார். வழக்கு ஒருவரிடம் போனது. அவர் விசாரித்தார். ஒருவருக்கு மகன் இருந்தார். மற்றவருக்கு மகள் இருந்தார். இருவருக்கும் நிகாஹ் செய்துவைத்து, அந்தத் தங்கத்தை அவர்களுக்குச் செலவிட்டுத் தர்மமும் செய்யுங்கள் என்று தீர்ப்பளித்தார். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள வரலாறு இது. வாங்குபவர் பறிக்கப் பார்ப்பதும் விற்பவர் மறைக்கப் பார்ப்பதுமான நம் கடைத்தெருவை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சகோதரர் அன்று தலைகுனிந்து எழுந்து போனார். கார்த்திகை மாதத்தில் மறுபடி வந்தார். மேற்குச் சுவரையும் கிணற்றையும் பற்றிச் சொன்னவுடன் முதலில் வந்த ஆள் போய்விட்டாராம். பிறகு ராத்தா, தங்கை இருவரிடமும் கேட்டிருக்கிறார், அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். தரகர் சொன்ன தொகையைவிடக் குறைவுதான். 32 பங்காகப் பிரித்துக் கொடுத்தபோது ராத்தா பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "வாப்பாவே வந்து கொடுத்த மாதிரி இருக்கிறது" என்றார்களாம்.

"ஹஜ்ரத், இப்போது மழை பிடித்துக்கொண்டது. மேற்குச் சுவரில் ஓதம் ஏறித்தான் இருக்கும். ஆனால் அந்தத் தெரு வழியாகவே பள்ளிக்கு வருகிறேன். அவர் திண்ணையிலிருந்து ஸலாம் சொல்கிறார். நான் நின்று பதில் சொல்லிவிட்டு வருகிறேன்" என்றார்.

அந்த வீட்டுக்கு அவர் பெற்ற விலையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி, ஹலாலான பொருளில் பரக்கத்தையும், உறவுகளில் ஒற்றுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.